சிவராஜின் பல்லும் ராயப்பனின் கிரேனும்

மாதாவை விட்டால் ராயப்பன் பயப்படுவது காற்றுக்குத்தான். கெலமங்கலத்து வீட்டில் மனைவி அருள்மேரி போர்வை காயப்போட்டால்கூட, கொடிக்கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். ஓசூரில் நாங்கள் கட்டும் அடுக்குமாடிக்கு அவர்தான் டவர் கிரேன் ஆபரேட்டர். நான் கீழே கம்பி கட்டுகிறவன். அவர் பதினாறு வருசமாக உயரத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனுசன். கீழே எவன் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆயுத பூஜையன்று காண்ட்ராக்டர் சிவராஜ் முப்பதடி பிளெக்ஸ் ஒன்று அடித்து வந்தார். கிரேனின் பூமில், அதாவது அந்த நீண்ட கையில், கட்ட வேண்டுமாம். முழுக்க அவர் முகம். பல் மட்டுமே ஒரு அடி இருக்கும்.

“கட்டக்கூடாதுங்க சார். கிரேனோட வந்த புக்குலயே போட்டிருக்குது,” என்றார் ராயப்பன்.

“ஒரு துணிதானய்யா.”

“துணி இல்லீங்க, பட்டம். வேல முடிஞ்சா பிரேக்க எடுத்துட்டு, காத்து போற பக்கம் பூமத் திரும்ப உடணும். இதக் கட்டுனா அது ஒழுங்காத் திரும்பாது. கிரேனையே சாச்சிப்புடும்.”

கோபம் வந்தால் சிவராஜுக்குக் கன்னடம் வந்துவிடும். “சும்னே இரு. சாயந்திரத்துக்குள்ள கட்டலன்னா நாளைக்கு வேற ஆபரேட்டர்.”

ராயப்பனின் மகள் வினிதா நர்சிங் கடைசி வருசம். வேலை போனால் ஃபீஸ் கட்ட முடியாது. அவரோ கிரேன் சாவியைப் பூஜை மேசைமேல் வைத்தார்.

“ஒன்னு செய்யுங்க. இந்த மணல் குமி பக்கத்துல நீங்க ஒரு மூலையப் புடிங்க. மத்த மூணு மூலைய இவங்க புடிக்கட்டும். அஞ்சு நிமிசம் நின்னுட்டீங்கன்னா நானே ஏறிக் கட்டறேன்.”

பிடித்தோம். இரண்டாவது நிமிசமே காற்று வந்தது. நாங்கள் மூன்று பேரும் விட்டுவிட்டோம். சிவராஜ் ரோசக்காரர், விடவில்லை. அவருடைய முகமே அவரை இழுத்துக்கொண்டு போய் மணலில் உட்கார வைத்தது. ஒரு செருப்பு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

“இது தரக் காத்துங்க சார்,” என்றார் ராயப்பன். “மேல இத விடப் பெருசு.”

சிவராஜ் சட்டைக்குள் போன மணலை வெகுநேரம் உதறினார். பிறகு மேசைக்கு வந்து சாவியை ராயப்பன் பக்கம் தள்ளினார்.

“வாழக்கன்னாவது கட்டலாமா?”

“கீழ, கேட்டுல கட்டிக்கலாங்க.”

அன்று சாயந்திரமே மழை பிடித்தது. தார்ப்பாய் போதவில்லை, பிளெக்ஸையும் எடுத்து விரித்தோம். இன்றுவரை அறுபது மூட்டை சிமெண்டைச் சிவராஜ்தான் சிரித்தபடி காத்துவருகிறார். நாலு மூலையிலும் கல் வைக்கச் சொன்னது ராயப்பன்.