மெமரி கார்டில் மிஞ்சியவை

அண்ணன் மகள் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு நான்தான் படம் எடுத்தேன். ராயபுரம் கோயிலில் வெள்ளை கவுனும் பூக்கிரீடமுமாக அவள் பீடத்தை நோக்கி நடந்ததிலிருந்து, வீட்டில் பிரியாணி பரிமாறியது வரை ஒன்றையும் விடவில்லை. அப்போது எங்கள் போன்களில் எடுத்தால் படம் மங்கலாக விழும். வீட்டில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. அம்மா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. பீரோவில் கிடந்ததை சார்ஜ் போட்டு அன்றைக்குத்தான் வெளியே எடுத்திருந்தேன்.

சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் படங்களைக் காட்டச் சொன்னாள் அண்ணன் மகள். கேமராவைப் போட்டால், கார்டில் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே, ஃபார்மட் செய்யலாமா என்ற கேள்வி. அண்ணன் ஓகே பட்டனை அமுக்கப் போனான். சட்டென்று பிடுங்கிக்கொண்டேன். ஃபார்மட் என்றால் எல்லாம் போய்விடும் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கார்டின் ஓரத்திலிருந்த சின்னப் பூட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எங்கள் பக்கம் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும். கார்டின் முனைகளும் கறுத்திருந்தன. உலர்ந்த துணியால் துடைத்துப் போட்டேன். அதே வரி. கம்ப்யூட்டரில் செருகினால் அதுவும் ஃபார்மட் செய்யலாமா என்றுதான் கேட்டது.

பிள்ளை அழவில்லை. கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்று யோசித்தாள்.

"அத்தே, சாமியாராண்ட கேட்டு இன்னொரு தபா நன்மை வாங்கிக்கலாமா?"

அண்ணன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை. மறுநாள் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தோழியிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, அதற்குப் பிறகு அந்தக் கார்டில் படம் ஏதும் எடுத்தாயா என்றுதான். இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதி. அழித்த படம்கூட உடனே போய்விடாது, அந்த இடத்தில் புதுப்படம் வந்து உட்காரும்வரை உள்ளேயே கிடக்கும் என்றாள். மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, கிடைப்பதைக் கம்ப்யூட்டரில் சேமி, அதே கார்டில் திருப்பி வைக்காதே என்று எச்சரித்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதை ஓட்டினேன். அப்பா பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எப்போதுமே பேச்சு குறைவு. அம்மா போனபிறகு அதுவும் இல்லை.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பீடம், மெழுகுவத்தி, கிரீடம். நல்லவேளை, அநேகமாக எல்லாமே பிழைத்திருந்தன. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். அடுத்து வந்தது எங்கள் சமையலறை. அதில் அம்மா.

அம்மாவுக்குத் தன்னைப் படம் எடுத்தாலே ஆகாது. எடுத்த கையோடு வாங்கிப் பார்த்து, "மூஞ்சப் பாரு, கலீஜா கீது. அழி மொதல்ல" என்பாள். அழித்த பிறகுதான் நகருவாள். அதனால் அவள் படம் என்று எங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். சுவரில் மாட்டியிருந்ததும் அதுதான். அதில் யாரையோ முறைப்பதுபோல் இருப்பாள்.

அவள் அழிக்கச் சொன்னவை இப்போது வந்துகொண்டிருந்தன. தலைமுடி அவிழ்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு மீன் ஆய்கிறாள். கேமராவை மறைக்கக் கை நீட்டுகிறாள். சிலவற்றில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முகம் மட்டும் முழுசாக இருந்தது. ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து என் தோளுக்கு மேல் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத்தப் பெருசா போட்டுக் குடு" என்றார், சிரிக்கும் படத்தைக் காட்டி.

கீழே பாதி இல்லையே அப்பா என்றேன். அந்தச் சாம்பல் பகுதியைக் கடையில் வெட்டிவிடச் சொல்லலாம் என்றும் சொன்னேன். வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா மீன் ஆயும் படத்தைக் காட்டினார்.

"அன்னிக்கி காசிமேட்டுலேர்ந்து நான் வாங்கியாந்த கானாங்கத்திதான் அது. நாறுதுனு சொல்லி என்ன இன்னா திட்டு திட்னா தெரியுமா? அப்பால அவளே ரெண்டு துண்டு சேத்துத் துன்னா."

அதற்குமேல் அவரை நிறுத்த முடியவில்லை. கல்யாணமான புதிதில் தண்டையார்பேட்டையில் அவர்கள் இருந்த ஒற்றை அறை, பாரிமுனை பஸ்ஸில் அவள் செருப்பைத் தொலைத்தது, நான் பிறந்த அன்று துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி அவரை வரவழைத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டுகளை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.