பனிக்குள் புதைந்த புகைக்குழாய்

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் ஜெகதீஸ்வரிக்கு வேலை; வீடு லவாலில். யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாதவர், கனடாவின் மொன்றியலுக்கு வந்தபின் நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தார். பயந்து பயந்து பழகியதாலோ என்னவோ, காரைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வார். முதற்பனி விழுமுன்பே நான்கு சக்கரத்துக்கும் பனிக்கால டயர் ஏறிவிடும். பெற்றோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். டிக்கியில் பனி அள்ளும் சவளும் போர்வையும் ஒரு பை மணலும் கிடக்கும்.

"நீர் வேலைக்குப் போறீரோ, வடதுருவத்துக்குப் போறீரோ?" என்று கணவர் நகுலேஸ்வரன் பகிடி பண்ணுவார்.

2007 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்து, கூட வேலைசெய்யும் நிருஷாவையும் ஏற்றிக்கொண்டு ஜெகதீஸ்வரி புறப்பட்டபோது பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிருஷாவுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். நெடுஞ்சாலையில் ஊர்ந்துதான் போனார்கள். திடீரென்று முன்னால் போன லொறி வழுக்கிக் குறுக்கே நின்றது. நல்ல இடைவெளி விட்டு வந்ததால் ஜெகதீஸ்வரி பதறாமல் பிரேக்கை மெல்ல அழுத்தினார். டயர்கள் தெருவைக் கவ்விப் பிடித்தன.

"கும்பிட்ட தெய்வம் காப்பாத்திச்சு அக்கா," என்றாள் நிருஷா.

அதன்பிறகு யாராலும் நகர முடியவில்லை. பனி அள்ளும் வண்டியும் வந்து சேரவில்லை. கண்ணாடிகளை இறுக்கி மூடி, ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். காற்று பனியைக் கார்மேல் வாரிக் குவித்தது.

"தலை இடிக்குது அக்கா. வயித்தைக் குமட்டிச் சத்தி வருமாப்போல கிடக்கு."

"இந்த மாசத்திலை அப்பிடித்தான் இருக்கும் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து இரும்."

சற்று நேரத்தில் ஜெகதீஸ்வரிக்கும் தலை கனத்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தார்.

யாரோ கண்ணாடியில் ஓங்கித் தட்டினார்கள். பின்னால் நின்ற வான் வண்டியிலிருந்து இறங்கி வந்த பெண். "எஞ்சினை நிறுத்து! கதவைத் திற!" என்று பிரெஞ்சில் கத்தினாள். திறந்ததும் இருவரையும் வெளியே இழுத்துவிட்டுக் காரின் பின்பக்கத்தைக் காட்டினாள். புகைக்குழாய் பனிக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. வெளியே போக வழியில்லாத நச்சுப்புகை காருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

நிருஷா தெருவோரத்தில் சத்தி எடுத்தாள். ஜெகதீஸ்வரி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் தட்டிய பெண்ணின் பெயர் மாக்கிரட். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். இருவரையும் தன் வானில் ஏற்றி, கண்ணாடியை விரலளவு திறந்து வைத்தாள். தெரு திறக்கும்வரை அடிக்கடி இறங்கித் தன் வண்டியின் குழாயைச் சுற்றிப் பனியை வாரிக்கொண்டே இருந்தாள். அவர்களை வீட்டுக்கு விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவள்தான்.

"பிள்ளையின்ரை இதயம் நல்லாத் துடிக்குதாம்," என்று நிருஷா உள்ளேயிருந்து வந்து சொன்னபோது, ஜெகதீஸ்வரி மாக்கிரட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பிரெஞ்சில் நன்றி சொல்லும் மேர்சி என்ற சொல்லைத் தவிர அவருக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் கியூபெக்கில் பனிக்கால டயர் சட்டமானது. வேலையிடத்தில் எல்லோரும் டயரைப் பற்றியே கதைத்தார்கள். ஜெகதீஸ்வரியோ, "டயர் சரி. பனிக்குள்ளை நிண்டால் முதல் இறங்கிப் புகைக்குழாயைப் பாருங்கோ. அண்டைக்கு எங்களுக்கு ஒரு மாக்கிரட் வந்தா. எல்லாருக்கும் வருவாவோ?" என்பார்.

அதற்கு முன்பே, அந்தக் கோடையில், நிருஷாவின் மகள் பிறந்த முப்பத்தோராம் நாளைக் கொண்டாடியபோது முதல் அழைப்பு மாக்கிரட்டுக்குத்தான் போனது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காரம் தாங்காமல் கண் கலங்க, அவள் மூன்றாவது வடையையும் கேட்டு வாங்கினாள்.