மஞ்சள் தண்ணீரில் போட்ட சீவாளிகள்

"அவ சும்மா எடுத்துப் பாக்கிறவ ஐயா. சீவிறது நான்தான்."

என் கணவர் போனில் இதைச் சொன்னபோது நான் அதே விறாந்தையில், அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். சீவாளி ஒன்றுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நூலின் ஒரு நுனி என் பல்லுக்கிடையில் இருந்தது. வாயைத் திறந்தால் கட்டுத் தளர்ந்துவிடும். கட்டுத் தளரக்கூடாது என்று பொறுத்துக்கொண்டு இருந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் நாதஸ்வரம் ஊதுகிறவர். நாதஸ்வரத்தின் தலையில் செருகி, உதட்டில் வைத்து ஊதுகிற சின்னச் சாமான்தான் சீவாளி. நாணல் தட்டையை மடித்துக் கட்டி, ஒரு முனையைத் தட்டையாக்கி இருப்பார்கள். சின்னி விரல் நீளம்கூட இல்லை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிறது. வந்த கையோடு எடுத்து ஊத முடியாது. ஒன்று தடிப்பாக இருக்கும், ஊதினால் கன்னம் நோகும். இன்னொன்றின் வாய் மூடிக்கொள்ளும். வேறொன்று சுருதிக்குக் கீழேயே நின்று அடம்பிடிக்கும். பிளேட்டால் ஓரம் சீவி, நுனியை மயிரளவு நறுக்கி, ஊசி விட்டு வாயை விரித்து, நூலை இறுக்கி, ஒவ்வொன்றையும் வழிக்குக் கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையை எங்கள் வீட்டில் செய்கிறவள் நான்.

நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியில் பிறந்தவள் என்றால் சங்கீதம் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பாட வராது. காது மட்டும் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டாம் வருடம், அவர் பொறுமையில்லாமல் சீவிப் பழுதாக்கி முற்றத்தில் எறிந்த ஒரு சீவாளியை எடுத்து நான் சீவிப் பார்த்தேன். மறுநாள் அதைத்தான் அவர் கோயிலுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவர் பிளேட்டைத் தொடவில்லை. அவருடைய விரல்கள் தடித்தவை, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்கமாட்டார். போதாக்குறைக்கு, தவிலுக்குப் பக்கத்தில் நின்று நின்று வலது காது மந்தம். போனைக்கூடச் சத்தமாகப் போட்டு, மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பார். அன்றைக்கு இரண்டு பக்கக் கதையும் எனக்குக் கேட்டது அதனால்தான்.

வந்த வினை இதுதான். கனடாவிலிருந்து மச்சாள், இவருடைய தமக்கை, திருவிழாவுக்கென்று வந்திருந்தா. நான் சீவாளி ஒன்றைச் சீவி, வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதைப் போனில் எடுத்து முகப்புத்தகத்தில் போட்டுவிட்டா. 'என் தம்பியின் நாதத்துக்குப் பின்னால் இருக்கும் கை' என்று மேலே ஒரு வரியும் எழுதியிருந்தா. நல்ல மனதோடுதான் செய்தா. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்.

அன்று பத்து நாள் உற்சவத்தில் ஐந்தாம் திருவிழா. பின்னேரம் கோயில் தலைவரின் அழைப்பு வந்தது.

"உன்ரை மனிசி சீவாளியை வாய்க்குள்ளை வைச்சு ஊதிறா. உந்தச் சீவாளியைத்தானே கொண்டுவந்து சுவாமிக்கு முன்னாலை ஊதிறாய்? பொம்பிளையின்ரை எச்சிலைக் கோயிலுக்குள்ளை கொண்டாறதோ? துடக்கு, துப்பரவு பாக்கிற கோயில் இது. கனடாவிலை இருந்து எனக்குச் சனம் போன் எடுக்குது."

அந்த மனிதர் என் கணவரை 'நீ' என்றுதான் கதைப்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் கணவர் அவரை 'ஐயா' என்பார். அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதால் சரியென்று ஆகிவிடாது, ஆனால் என் கோபம் அன்றைக்கு அதில் இல்லை. என் கணவர் சொன்ன பதிலில் இருந்தது.

சும்மா எடுத்துப் பார்க்கிறவளாம். கடையில் சட்டை எடுத்துப் பார்க்கிற மாதிரி.

நூலை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கேட்டேன். "ஆர் சீவிறது?"

"நீர் ஏன் உந்தக் கதையைப் பெரிசா எடுக்கிறீர்? திருவிழா நேரம். சொல்லி முடிச்சாச்சு, விடுமன்."

"நீங்கள் சொன்னது பொய். திரும்ப எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வாயில் வைக்காமல் சீவாளி பார்க்க முடியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். கண்ணுக்கு எல்லாச் சீவாளியும் ஒன்றுதான். ஈரமாக்கி, உதட்டுக்கிடையில் வைத்து, கொஞ்சம் காற்று விட்டால்தான் எந்த ஓரம் தடிப்பு, எது சோம்பல், எது கீச்சிடப் போகிறது என்று தெரியும். ஓரத்தில் சீவுவேன், வைப்பேன், எடுப்பேன், சீவுவேன். நாணல் தட்டையைக் கட்டுகிற இந்தியாக்காரனும் வாயில் வைத்துத்தான் அனுப்புகிறான், அந்த எச்சில் கடல் கடந்து வரும்போது சுத்தமாகிவிடுமாக்கும். கன்று வாய் வைத்த மடியில் கறந்த பாலைத்தான் குடம் குடமாக அபிஷேகத்துக்கு ஊற்றுகிறார்கள். மாட்டுக் கன்றுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. இதையெல்லாம் அடுப்படியில் நின்று தனியாகச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சமைத்தேன். கறியில் உப்பும் கூடிப்போயிற்று, அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

ஏழாம் திருவிழா அன்று காலையில் சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். கிணற்றடியில், வெயிலில், சுளகு ஒன்று இருந்தது. வடகம் காய வைத்திருக்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனால் சீவாளிகள். நான் சீவி வைத்திருந்த பதினெட்டும் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன.

முதல் நாள் இரவு முழுக்க வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஊறப் போட்டிருக்கிறார். துடக்கு, தீட்டுக் கழிக்க வீடு முழுக்கத் தெளிப்போமே, அதே மஞ்சள் தண்ணீர். தேவாரம் சொல்லிக் கழுவினாராம், அதையும் ஒரு பெருமையாகச் சொன்னார்.

"ஐயாவுக்கும் சொல்லிப்போட்டன். இனி ஒரு பிரச்சினையும் இல்லை."

தினமும் தண்ணீரில் நனைக்கிற சாமான்தானே, இன்னும் கொஞ்சம் நனைந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். இரவு முழுக்க ஊறினால் நாணல் உப்பும். ஆடி வெயிலிலும் சோளகக் காற்றிலும் சடாரென்று காய்ந்தால் கோணும், வெடிக்கும். நான் பார்த்தபோது பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. சிலதில் நூல் கட்டுக் கழன்று தொங்கியது. வேறு சிலதை மினக்கெட்டால் மீட்கலாம் போலத் தெரிந்தது. ஒவ்வொன்றும் எனக்கு ஆளாகத் தெரியும். இது காலைப் பூசைக்கு, இது மழை நாளுக்கு, இது அவருக்குச் சளி பிடித்தால். அழுகை வந்தது. அழுதால் இவர் பரிதாபப்படுவார் என்ற எண்ணத்தில் இன்னும் கோபம் வந்தது. மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவருடைய பெட்டிக்குள் என் கை படாத பழைய சீவாளிகள் இரண்டு இருந்தன. எப்போதோ அவரே வாங்கிப் போட்டவை. என் கை படாததால் அவை சுத்தம். ஏழாம், எட்டாம் திருவிழாக்களை அவரும் அவரோடு சேர்ந்து ஊதுகிறவரும் அந்த இரண்டையும் வைத்து ஒப்பேற்றினார்கள். எட்டாம் திருவிழா இரவு கோயில் ஒலிபெருக்கியில் நான் கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஒன்று மட்டும் மஞ்சளில் விழாமல் தப்பியிருந்தது. போன் வந்த அன்று நான் நூல் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சீவாளி. அதைத் தையல் நூல் வைக்கும் பிஸ்கற் பேணிக்குள் போட்டுவிட்டிருந்தேன். பாதி சீவியபடி. ஒன்பதாம் நாள் தேருக்குப் போகும்போது அதையும் பிளேட்டையும் ஊசியையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால், வேண்டுமென்றுதான். நடக்கப்போவது எனக்குத் தெரியும். நடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

வசந்த மண்டபப் பூசை முடிந்தது. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் ஊதுகிற மல்லாரி தொடங்கினால்தான் எங்கள் கோயிலில் சுவாமி மண்டபத்தை விட்டு எழும்பும். தூக்குகிறவர்கள் தோளைக் கொடுத்து நின்றார்கள். என் கணவர் ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு வெறும் காற்று. சீவாளி வெடித்துவிட்டது. மற்றவருடையது காய்ந்து வாய் மூடிப்போயிற்று. ஈரமாக்கினார்கள், ஊசி விட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தவில் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றது. வெளியே சுடுமணலில் அங்கப்பிரதட்சணத்துக்குக் காத்திருந்த ஆண்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

என் கணவர் பெண்கள் பக்கம் வந்தார். நெஞ்செல்லாம் வியர்வை.

"இஞ்சேரும், ஒண்டும் கிடக்கோ?"

"கிடக்கு. கழுவேல்லை."

"பரவாயில்லை, தாரும்."

"இன்னும் சீவி முடியேல்லை. வாயிலை வைச்சுத்தான் பாக்கவேணும். முதல்லை ஐயாட்டைச் சொல்லுங்கோ, ஆர் சீவிறதெண்டு."

"பிறகு சொல்லுறன். சுவாமி நிக்குது."

அதற்குள் தலைவரே வந்துவிட்டார். கழுத்துச் சங்கிலி மின்ன, பட்டு வேட்டியில். என் கையில் சீவாளியைக் கண்டார், பிளேட்டைக் கண்டார்.

"என்ன சுணக்கம்? கெதியாச் செய் பிள்ளை."

கெதியாச் செய் பிள்ளை. ஐந்தாம் திருவிழாவுக்கு எச்சிலாக இருந்த வாய் தேரன்று எச்சிலில்லை. அவருடைய முகத்தில் ஒரு வெட்கத்தைத் தேடினேன், மருந்துக்கும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். சீவாளியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கலாம். அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சில நாட்களில் நினைக்கிறேன். ஆனால் சுவாமி நின்றது, சனம் வெயிலில் நின்றது. அதையும் விட, அந்தக் கீச்சுச் சத்தத்தை இன்னொருமுறை கேட்க என் காதுக்குத் தெம்பில்லை.

மண்டபத் தூணடியில் இருந்து சீவினேன். இடது ஓரம் தடிப்பு. வாயில் வைத்தேன், எடுத்தேன், சீவினேன். நுனியில் மயிரளவு நறுக்கினேன். திரும்ப வைத்து ஊதினேன். ஊசி விட்டு வாயைக் கொஞ்சம் திறந்து, நூலை இறுக்கி, என் எச்சில் ஈரத்தோடேயே அவருடைய கையில் கொடுத்தேன். மல்லாரி எழுந்தது. சுவாமியும் எழுந்தது. தலைவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். நல்ல சத்தம். நான் செய்த சத்தம் என்பதால் சொல்லவில்லை, உண்மையாகவே நல்ல சத்தம். கேட்டுக்கொண்டு நின்றேன், கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டுவிட்டு, அவர் சுளகைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மறுநாள் கடைசி நாள், தீர்த்தத் திருவிழா. கையில் இருந்தது அந்த ஒரே சீவாளி, கூட ஊதுகிறவருக்கும் ஒன்று வேண்டும்.

"இதுகளிலை ரெண்டு மூண்டு தேறுமோ எண்டு ஒருக்காப் பாருமன்."

நான் அவருடைய போனை எடுத்தேன். தலைவரின் இலக்கத்தை அழுத்தி, சத்தமாகப் போட்டு, சுளகின் நடுவில், அந்த மஞ்சள் சீவாளிகளுக்கு மேலேயே வைத்தேன்.

"இப்ப சொல்லுங்கோ. சொன்னால் பாக்கிறன்."

மணி அடித்தது. அவர் போனை எடுத்து நிறுத்தப் பார்த்தார், நான் சுளகை என் பக்கம் இழுத்தேன். "என்னடாப்பா?" என்றது போன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"ஐயா... அண்டைக்கு நான் சொன்னது பொய். சீவாளி எல்லாம் என்ரை மனிசிதான் சீவிறவ. இருபத்திரண்டு வருசமா. நான் சீவினது ஒண்டும் இல்லை." தொண்டையைச் செருமினார். "நாளைக்கும் அவதான் சீவுவா. வாயிலை வைச்சுத்தான் சீவுவா."

மறுபக்கத்தில் தலைவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "சரி, சரி. உதுகளை உப்பிடி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதை. காலமை நேரத்துக்கு வா" என்று வைத்துவிட்டார்.

அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. பிளேட்டை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் முற்றத்தில் வந்து இருந்தேன். தேறும் போலிருந்த ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். மஞ்சள் கசந்தது. காறி மண்ணில் துப்பிவிட்டு, சீவத் தொடங்கினேன்.