நுஹ்மான் இறக்கிவைத்த பெட்டி

உக்குவளையில் ஸுபைதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; ஸுபைதாவின் வெங்காயச் சண்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வீட்டில் கலியாணம் என்றாலும், சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்காரும் பெண்களுக்கு நடுவில் அவளும் அவளுக்கு மூத்த ராத்தா நூருன்னிஸாவும் எதிரெதிராக இடம் பிடிப்பார்கள். முதல் கூடை உரிபடுவதற்குள், எப்போதோ பார்த்த அமெரிக்கப் படம் ஒன்றின் கதாநாயகிமேல் வழக்குத் தொடங்கிவிடும்.

பனி கொட்டும் ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்ற அந்தப் பிள்ளை, சங்கீதம் படிக்கப் பட்டணத்துக்குப் போகாமல், தன்னை விரும்பிய படகுக்காரனோடு வீட்டுக்குத் திரும்பினாளே, அது சரியா? மடைச்சி, ரயில் கையில் கிடைத்தும் விட்டாள் என்பாள் நூருன்னிஸா. படிப்பு நாளைக்கும் கிடைக்கும், அப்படி ஒரு மனுஷன் கிடைப்பானா என்பாள் ஸுபைதா. ஆளுக்கொரு கட்சி சேரும். ஒரு கலியாணத்தில் சண்டையின் காரம் தாங்காமல் வெங்காயமே அழுததாம். அதை உரித்தவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

படம் ஸுபைதாவின் தெருவுக்கு வந்தது, டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில். ஸுபைதாவுக்கு அப்போதுதான் ஆசிரியர் கலாசாலைக்கு இடம் கிடைத்திருந்தது. கலாசாலை தூரத்தில், விடுதியில் தங்க வேண்டும். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளையும் அப்படிப் போனதில்லை. அவளுடைய வாப்பா ஸெய்னுலாப்தீன் மறுக்கவில்லை. மகளின் தலையில் கையை வைத்து, "உன் விருப்பம், மகள்" என்று மட்டும் சொன்னார். ஸுபைதா அந்தக் கையின் குளிர்ச்சியிலேயே பாதி வழி போய்விட்டாள். தகரப் பெட்டிகூட வாங்கியாயிற்று.

அந்தக் கிழமைதான் மாமி மகன் நுஹ்மான் கசெட்டோடு வந்தான். சின்ன வயதிலேயே அவளுக்கு என்று பேசிவைத்திருந்த மச்சான். தெருவில் இங்கிலிஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், படம் ஓட ஓடக் கதை சொல்வது அவன் வேலை. ஸுபைதாவும் இங்கிலிஷ் படித்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்து இங்கிலிஷுக்கும் அமெரிக்காக்காரன் மென்று துப்புகிற இங்கிலிஷுக்கும் என்ன உறவு? ஆண்கள் முன்னால், பெண்கள் துணித் திரைக்குப் பின்னால், எல்லோருக்கும் நடுவில் நுஹ்மான். அவன் கதை சொன்னால் கிராம்புகூட வாசம் வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

ரயில் நிலையம் வந்தது. படகுக்காரன் அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து நெடுநேரம் பேசினான். நுஹ்மான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "நீ போனா நான் செத்துப்போவேன், போகாதே, அப்படிங்கிறான்." அவள் அழுதாள். ரயில் ஊதியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

டெக்கை மஃரிப் தொழுகைக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். நுஹ்மான்தான் கண்டியில் முழுப்படமும் பார்த்தவனாயிற்றே, மிச்சத்தை வாயாலேயே ஓட்டினான். அந்தப் பிள்ளை பெட்டியைக் கீழே இறக்கிவைத்தாள், ரயில் வெறுமனே போயிற்று, இரண்டு பேரும் பனியில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். திரைக்குப் பின்னால் பெண்கள் அழுத அழுகையில், ஜன்னலோரம் கட்டியிருந்த மாடு இரண்டு நாள் பால் தரவில்லை.

மறுநாள் காலையில் ஸுபைதா வாப்பாவிடம் போய், கலாசாலை வேண்டாம் என்றாள். அவர் மறுபடியும் தலையில் கையை வைத்தார். மறுபடியும் அதே சொல்: "உன் விருப்பம், மகள்."

அப்படித்தான் அவள் நுஹ்மானின் மனைவியானாள். அவன் மிளகும் கிராம்பும் வாங்கி விற்றான். அவள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். பின்னேரங்களில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். குறை என்று யாரிடமும் சொன்னதில்லை. எப்போதாவது மனம் கனத்தால் அந்தப் பனிதேசத்துப் பிள்ளையை நினைத்துக்கொள்வாள். அவளுக்கும் இந்நேரம் பிள்ளைகள் இருக்கும், அவளும் அடுப்படியில் பாடுவாள் என்று ஒரு ஆறுதல். துணைக்கு ஒருத்தி இருந்தாள்.

இப்போது கடைசி மகள் பஹ்மிதாவுக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில் பக்கத்து ஊர் நாலந்தாவிலிருந்து ஒரு சம்பந்தம். நல்ல குடும்பம், ஆனால் நிக்காஹ் உடனே நடக்க வேண்டும், யாழ்ப்பாணம் வேண்டாம் என்கிறார்கள். பஹ்மிதா இரண்டில் எதையும் சொல்லாமல் இருந்தாள். ஸுபைதா தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தாள்: பெட்டியை இறக்கிவைத்த பிள்ளையின் கதை. பஹ்மிதா கேட்டுவிட்டு, "உங்களுக்கு அதுதான் சரின்னு படுதா உம்மா? அப்ப சரி" என்றாள்.

முடிவு கேட்க மாப்பிள்ளையின் தாய் ஆதிபா பௌர்ணமிப் போயா லீவு நாளில், அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. இனிப்புக்கு வட்டிலப்பம் செய்ய நூருன்னிஸா வந்திருந்தாள். தேங்காய்ப்பால் பிழிவதற்குள் வழக்குத் தொடங்கியது. கேட்டுக் கேட்டுக் காது புளித்த பஹ்மிதா, அந்தப் படத்தை போனில் தேடிப் பிடித்து டிவியில் போட்டாள். அடியில் தமிழ் எழுத்து ஓடியது.

ரயில் நிலையம் வந்தபோது ஸுபைதா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய் நின்றாள். படகுக்காரன் கையைப் பிடித்தான். எழுத்து வந்தது: போ. எனக்காக நின்றுவிட்டால் என்னையே ஒருநாள் வெறுப்பாய். போய்விடு.

அந்தப் பிள்ளை பெட்டியோடு ரயிலில் ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நூருன்னிஸாதான் முதலில் வாய் திறந்தாள். "எத்தனை கலியாணத்தில அந்தப் பிள்ளைய ஏசினேன். பாவம், அது அன்னைக்கே போயிருக்கு."

ஸுபைதாவுக்கு முடிவு மாறியதுகூடப் பெரிதாகப் படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்ன ஒருவனின் வாயில், போகாதே என்ற சொல்லைத் திணித்திருக்கிறார் நுஹ்மான். அதற்குத்தான் அவள் அழுதாள். அதற்குத்தான் தன் தகரப் பெட்டியை மச்சில் ஏற்றினாள்.

தூங்கி எழுந்து வந்த நுஹ்மானிடம் கேட்டாள். அவர் டிவியைப் பார்த்தார், சிரித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகு இதெல்லாம் ஒரு பேச்சா என்றார். அவள் நகரவில்லை.

"ஏன் மாத்திச் சொன்னீங்க மச்சான்?"

"நானாவா சொன்னேன்? உன் வாப்பாதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் போக வேணாம்னு சொன்னா பிள்ளை மனசு உடையும், அவளே வேணாங்கிற மாதிரி நீ ஏதாவது செய்ன்னார். செஞ்சேன். இப்ப என்ன, நல்லாத்தானே இருக்கிறோம்?"

அதைச் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டார். வாசலில் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டது.

ஆதிபா வந்து உட்கார்ந்ததும் நுஹ்மான் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் இன்னும் அதே குரல்தான். தான் ஒன்றும் வற்புறுத்தவில்லை, பிள்ளையின் விருப்பம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். பிள்ளை தானாகவே வந்து, வாப்பா, எனக்கு யாழ்ப்பாணம் வேணாம், நல்ல இடம் வந்திருக்கு, அதுவே போதும் என்று கண்கலங்கிச் சொன்னதாம். ஆதிபாவின் கண்ணே கலங்கிவிட்டது.

உள்ளே நின்ற ஸுபைதா மகளைப் பார்த்தாள். பஹ்மிதா தரையைப் பார்த்தாள். ஸுபைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்அறைக்கு வந்தாள்.

"அவ அப்படிச் சொல்லல்ல" என்றாள். "அவருக்குப் பிடிச்சதை அவர் சொல்றார். அவளுக்கு நானும் ஒரு பொய்க்கதை சொல்லியிருந்தேன். பொய்யின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. இனி அவகிட்டயே கேளுங்க."

நுஹ்மான் வாயைத் திறந்தார். ஆதிபா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "நீ சொல்லு பிள்ள" என்றாள்.

"எனக்குப் போகணும் மாமி" என்றாள் பஹ்மிதா.

ஆதிபா வட்டிலப்பத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, மகனிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுந்தாள். சொல்லப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவளை வழியனுப்பப் போன நுஹ்மான் பள்ளிவாசல் பக்கமாக நடந்துவிட்டார்.

அன்று வியாழக்கிழமை. மஃரிபுக்குப் பிறகு மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பாவுக்காகக் குர்ஆனின் யாஸீன் ஓதுவது ஸுபைதாவின் வழக்கம். பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர அது நின்றதில்லை. தொழுகைப்பாயில் உட்கார்ந்து கிதாபைத் திறந்தாள். வாப்பாவின் கை இன்னும் தலையில் இருந்தது. தட்டிவிடவும் முடியவில்லை, ஏனென்று கேட்கவும் ஆள் இல்லை. ஓதாமல் எழும்ப மனம் வரவில்லை. ஓத நாக்கு வரவில்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை முதல் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.