அம்மாவின் பல்லும் மகளின் தமிழும்

மும்பை தாராவியில், இந்திக்காரர்கள் நிறைந்த எங்கள் சந்தில் குழாயடிச் சண்டை நடந்தால், யார் யாரை என்ன திட்டுகிறார்கள் என்று மாடி ஜன்னலிலிருந்து பார்த்து என் மகள் செல்விதான் எனக்குச் சொல்வாள். காது கேளாத பிள்ளை. உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பள்ளியில் அவளுக்கு இந்தி. தமிழ் என் வாயிலிருந்து மட்டும் வந்தது. ஊரிலிருக்கும் நீங்கள் தமிழைத் தெருவிலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்தவர்கள். அவளுக்கு அது என் முகத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஸ்டேஷன் பிரிட்ஜில் ஏறும்போது கூட்டம் தள்ளியதில் முகம் அடிபட விழுந்தேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போயின. வீடும் வேலையுமாக நாட்கள் ஓடியதில், பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்தன. உதடு உள்ளே மடிந்துபோனது. தண்ணீர் கேட்டால் செல்வி வேறு எதையோ எடுத்து வருவாள். "என்னம்மா சொல்லுத?" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். மராத்திக்காரப் பெண். வாயைப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜ் லகானா படேகா" என்றார். பிரிட்ஜ் போட வேண்டுமாம்.

"ஹான் மேடம், பிரிட்ஜ் பே ஹி கிரி" என்றார் என் கணவர், ஆமாம், பிரிட்ஜில்தான் விழுந்தாள் என்று. நான் விழுந்த இடத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். இருபக்கப் பற்களையும் பிடித்துக் கட்டும் செயற்கைப் பல்லுக்கு அந்தப் பெயர் என்று டாக்டர் விளக்கினார். இப்போது அதற்கும் இடமில்லையாம். முதலில் கம்பி போட்டுச் சாய்ந்த பற்களை நிமிர்த்த வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்.

"அதுக்குள்ள என் புள்ள தமிழ மறந்துருமே" என்றேன்.

டாக்டருக்கு என்ன புரிந்ததோ, "தர்த் நஹி ஹோகா" என்று தோளைத் தட்டினார். வலிக்காதாம்.

கம்பி போட்ட அன்று செல்வி என் வாயை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கணவருடைய பேச்சை அவள் என்றுமே படித்ததில்லை. மேலுதட்டை மூடிக்கொண்டிருக்கும் மீசை அவருக்கு. அதைத் தடவாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்று வெளியே போனவர், மழித்த உதட்டோடு திரும்பி வந்தார். யாரோ போல இருந்தார். செல்வியின் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பசிக்கா பாப்பா?"

அந்த வெறும் உதட்டையே அவள் வெகுநேரம் பார்த்தாள். அவருடைய தமிழ் அவளுக்குப் புரிந்துவிட்டது. பசிக்கிறது என்று தலையை ஆட்டிப் பதில் சொன்னாள்.

"ஹான் பாபா, பூக் லகி ஹை."