புளித்த பியரும் ரவி அண்ணையின் வாயும்

இன்று மத்தியானம் எங்கள் நகரின் பிரான்காச்சோப் பகுதியில் ரவி அண்ணை வீட்டில் சாப்பாடு. அவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். ஒருமுறை அருமையாக வரும், அடுத்தமுறை வினாகிரிபோலப் புளிக்கும்.

இன்று திறந்த முதல் போத்தல் புளித்திருந்தது. எட்டுப் பேருக்கு முன்னால் மனைவி மலர் அக்காவைக் காட்டிச் சொன்னார்: “இவள் போத்தலை ஒழுங்காக் கழுவுறேல்லை. எத்தினை தரம் சொன்னாலும் மண்டையிலை ஏறாது.”

மலர் அக்கா கோழிக்கறி பரிமாறினார். ஒரு வருடமாக இதே பேச்சுத்தான்.

இரண்டாவது போத்தல் வேறொரு முறை காய்ச்சியது. நன்றாக இருந்தது. நான் கேட்டேன்: “அக்கா, இதுக்கும் நீங்கள்தானே போத்தல் கழுவினது?”

“ஓம், எல்லாத்துக்கும் நான்தான்.”

“பியரை வாளியிலையிருந்து போத்தலுக்கு மாத்தினது ஆர்?”

“இதை நான். அண்டைக்கு அவருக்கு வேலை. நான் ரப்பர் குழாயிலை தண்ணி நிரப்பித்தான் பியரை இழுப்பன். அவர் குழாயை வாயிலை வைச்சு உறிஞ்சுவார்.”

“புளிச்சதுகளை?”

“எல்லாம் அவர் மாத்தினதுதான்.”

“அப்ப போத்தலிலை பிழையில்லை அண்ணை. உங்கடை வாயிலை இருக்கிற கிருமிதான் பியருக்குள்ளை போகுது.”

மேசையே சிரித்தது. அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்யவில்லை.

மலர் அக்கா சிரிக்கவில்லை. புளித்த போத்தலை எடுத்து அண்ணையின் கிளாஸை விளிம்புவரை நிரப்பினார். “குடியுங்கோ. உங்கடைதானே.”

எல்லோரும் பார்த்திருக்க, அவர் குடித்து முடித்தார்.

பியர் காய்ச்சும் நண்பர்களே, நீங்கள் எதால் உறிஞ்சுகிறீர்கள்? பதிலை உங்கள் மனைவிமார் எழுதினால் இன்னும் நல்லது.