நானூற்று இருபது கிலோமீட்டர், ஒரே நிறுத்தம்

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, வந்தவர் முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருத்திக் கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே உயரமான ஸ்டூல். அடுத்தவர் மூக்கில் தடம் விழுந்திருந்தால் தனக்கே வலித்தது போல முகம் சுளிப்பாள். தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கல்நெஞ்சக்காரி.

நாற்பத்தைந்தாவது வயதில் அவள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி வந்து நிறுத்தியபோது தெருவே மூக்கில் விரலை வைத்தது. ஹேண்டில்பார் தாழ்ந்து கிடக்கும். கால் வைக்கிற இடமோ பின்னால் ஏறியிருக்கும். ஏறி உட்கார்ந்தால் டேங்கின் மேல் குப்புறப் படுத்த மாதிரிதான். எதிர்க்கடைக்காரர், உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி எதுவும் கிடைக்கவில்லையா என்று விசாரித்தார். அவள் கணவர் தொலைதூரப் பஸ் ஓட்டும் டிரைவர். அவர் மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லா பிடிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மகளைப் பார்த்து வர வண்டி வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். மகள் நானூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். உண்மைக் காரணம், அந்த வண்டியின் மேல் கண்ணாடிக்காரம்மாவுக்கு வந்த ஆசை.

மாதம் ஒரு சனிக்கிழமை விடியும் முன் கிளம்புவாள். முதல் தடவை நாலு இடத்தில் நிறுத்தினாள். அடுத்த தடவை மூன்று. பிறகு ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவது பயணத்தில், பெட்ரோலுக்கு ஒரே ஒரு நிறுத்தம். கடைக்கு வருகிறவர்களிடம் லென்ஸ் நம்பரை மாற்றிச் சொன்னாலும் சொல்வாள், இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

சொல்லாமல் விட்டது மற்றதெல்லாம். மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது இடுப்பு நிமிராது. கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மகள் தயாராக விரித்து வைத்திருக்கும் படுக்கையில் வெட்டிய மரம் போல விழுவாள். எழுந்திருக்கும்போது விளக்கு வைத்திருப்பார்கள். சாப்பிட்டதும் மறுபடி படுத்துவிடுவாள். மறுநாள் காலையில் திரும்பவும் ஹெல்மெட்.

திங்கட்கிழமை கடையில் விரல்கள் காட்டிக்கொடுத்தன. கண்ணாடிக் காலில் போடும் ஸ்க்ரூ எள்ளளவுதான் இருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் எறும்பு ஊர்கிற மாதிரி மரத்துப் போய், ஸ்க்ரூ நழுவி நழுவி விழுந்தது. வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றினாள். பல்ப் பாவம், என்ன செய்யும்?

ஒரு சனிக்கிழமை, பதினொரு மணி வெயில். கோடு போட்ட மாதிரி நேரான சாலை. ஹெல்மெட்டுக்குள் இஞ்சின் சத்தம் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, சக்கரத்தின் அடியில் சரளைக்கல் நொறுங்கும் ஓசை. வண்டி சாலையை விட்டு இறங்கியிருந்தது. ஒரு மைல்கல் முழங்காலை உரசாத குறையாகக் கடந்து போனது. பதறிப் பிரேக்கை மிதிக்காமல், மெல்ல வேகம் குறைத்து எப்படியோ நிறுத்திவிட்டாள். இறங்கி நின்றாள். கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மைல்கல்லை விட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மகளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து டிரைவர் ட்யூட்டி முடிந்து வந்தபோது, அவள் சமையலறையில் ஒரு பாட்டில் மூடியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்தி, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்டார். சுண்டு விரலுக்கு வந்தபோது அவள் அழுதுவிட்டாள். சரளைக்கல், மைல்கல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திட்டுவார், வண்டியை விற்கச் சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் ஒரு தடவை தூங்கியிருக்கேன்," என்றார். "உள்ளே முப்பத்தெட்டு பேர். ஒரு பாலம். ஏறினது ஞாபகம் இருக்கு, இறங்கினது ஞாபகம் இருக்கு. நடுவுல யார் ஓட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

பதினோரு வருடமாகிறதாம். ஒரு ஈ காக்கையிடம் கூடச் சொன்னதில்லை. அன்றிலிருந்து கண் எரிவதற்கு முன்பே நிறுத்திவிடுவாராம். எரிந்த பிறகு நிறுத்துவது தாமதம் என்றார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, நான் பஸ் எடுக்கிற நாளெல்லாம் உனக்குத் தூக்கம் போயிருக்கும்."

வண்டியை விற்கிறேன் என்று அவளே சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி என்ன தப்பு செய்தது என்று கேட்டு, சீட் தைப்பவரிடம் கூட்டிக்கொண்டு போனார். சீட்காரர் அவளை வண்டியில் உட்காரவைத்து, பக்கவாட்டில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது, அம்மா வழுக்கி வழுக்கி மொத்த பாரத்தையும் மணிக்கட்டில் தாங்குகிறார்கள் என்றார். அவள் மெத்தென்ற ஃபோம் வைக்கச் சொன்னாள். மெத்தென்றிருப்பது பத்து நிமிஷத்துக்குத்தான், பிறகு அமுங்கிப் பலகை தட்டும் என்று கெட்டி ஃபோமாக வைத்துத் தைத்தார். மெக்கானிக் ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயர்த்தினார். கண்ணாடியின் பாரம் மூக்கில் ஒரே இடத்தில் விழக்கூடாது என்று தினமும் நாலு பேருக்கு உபதேசம் செய்கிறவள், தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் டிரைவர் லீவு போட்டு, நானும் வருகிறேன் என்றார். பின்சீட் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். ஆறடி மனிதர் அதில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் அவள் இடுப்புக்கு மேல் வந்து நின்றன. முதுகில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்தவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. அதுதான் ஒப்பந்தம். அறுபதாவது கிலோமீட்டரில் தட்டு விழுந்தது.

"எனக்காகவா, உங்களுக்காகவா?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்று பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

ஐந்து இடத்தில் நிறுத்தினார்கள். கையை உதறி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்தார்கள். ஒரு பெட்ரோல் பங்க் பெஞ்சில் அவளைக் கால் மணி நேரம் படுக்கவைத்து, அவர் காவலுக்கு நின்றார். வழியில் அவர்கள் முந்தி வந்த கார்களெல்லாம், நிறுத்திய நேரத்தில் அவர்களை முந்திக்கொண்டு போயின. முதலில் மானம் போன மாதிரி இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் அவள் கார்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

போய்ச் சேரும்போது மணி மூன்று. வழக்கம்போல் படுக்கை விரித்திருந்தது. அதில் டிரைவர் போய் முனகிக்கொண்டே விழுந்து, அடுத்த நிமிஷமே குறட்டை விட்டார். கண்ணாடிக்காரம்மா சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காபி கேட்டாள்.

மகள் காபியை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அந்த வேலையை விட்டுட்டேன். மூணு மாசமாச்சு. இப்போ ஒரு மிருக ஆஸ்பத்திரியில இருக்கேன். அங்கதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்டாள்.

"மறைக்கல. நீ வர்ற ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னு நினைப்பேன். நீ தூங்கிடுவே. நான் பக்கத்துல உட்கார்ந்து உன் பாதத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். வீங்கியிருக்கும். எழுப்ப மனசு வராது."

அவள் காபியை இரண்டு வாய் குடித்தாள். பிறகு, "நாய் கடிச்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள். மகள் சட்டைக் கையை மடித்து, கடித்ததில் விழுந்த மூன்று தழும்பைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. மூன்றையும் கேட்டு முடிக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

மறுநாள் டிரைவர் பின்சீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ் பிடித்து ஊர் திரும்பினார். அவள் தனியாகக் கிளம்பினாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னாள் மகள். நிறுத்துகிற இடத்திலெல்லாம் பண்ணுகிறேன் என்றாள் இவள், பண்ணவும் செய்தாள். விரல் மரப்பு குணமாக இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அன்றைக்கே, நாலாவது நிறுத்தத்தில், ஒரு மர நிழலில் நின்று அவள் போன் போட்டபோது, மகள் அவசர வேலை என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஊசிக்காக ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச முடியாது, வேண்டுமானால் கேட்டுக்கொண்டிரு என்று போனை மேஜை மேல் வைத்துவிட்டாள். பூனை போட்ட கூச்சலையும், மகள் அதைக் கொஞ்சிக் கொஞ்சிச் சமாதானப்படுத்தியதையும், கண்ணாடிக்காரம்மா சாலையோரம் நின்று கடைசி வரை கேட்டாள்.